டிரான்ஸ்ஃபர் முடிவு இன்னும் வரவில்லையா? காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியவை

கேள்வியின் சாரம் இது: மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். வேறு ஐந்து இடங்களுக்கு டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம், அதாவது படிப்பின் நடுவில் கல்லூரி மாறும் விண்ணப்பம், போட்டிருக்கிறாள். மே நடுப்பகுதி ஆகியும் இரண்டிலிருந்துதான் பதில் வந்திருக்கிறது. மற்ற மூன்றின் மௌனத்துக்கு என்ன அர்த்தம்? இப்போதைய கல்லூரியில் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் ஃபால் செமஸ்டருக்குப் பதிவு செய்வதா, வேண்டாமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மௌனத்தை மட்டும் வைத்து மறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஃபால் செமஸ்டருக்குக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். அனுமதிக் கடிதம் வந்தாலும் அது பாதி பதில்தான். இதுவரை முடித்த பாடங்களின் கிரெடிட்டில் (பாட அலகுகளில்) எத்தனையை ஏற்கிறார்கள், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டும் எழுத்தில் வரும்வரை பழைய இடத்தை விடக் கூடாது.

டிரான்ஸ்ஃபர் முடிவுகள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன என்று தெரிந்தால் பதற்றம் கொஞ்சம் குறையும். முதலாண்டில் சேர்பவர்கள் பெரும்பாலும் மே 1-க்குள் டெபாசிட் கட்டி இடத்தை உறுதி செய்கிறார்கள். வகுப்பிலும் விடுதியிலும் எத்தனை இடம் மிச்சம் என்பது அதற்குப் பிறகுதான் அட்மிஷன் அலுவலகத்துக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் விலகுகிறார்கள், எந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) இடம் காலியாகிறது என்பதும் சேர வேண்டும். பல தனியார் பல்கலைக்கழகங்கள் மே நடுவில் தொடங்கி ஜூன் வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங், நர்சிங் போன்ற மேஜர்களில் அட்மிஷன் அலுவலகம் பார்த்தபின் துறையும் ஒருமுறை பார்ப்பதுண்டு. ஒரே கல்லூரியில் வரலாறு மேஜருக்கு விண்ணப்பித்த தோழிக்கு முன்பே வந்துவிட்டதென்றால், அதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

இடங்களின் எண்ணிக்கையும் மிகவும் மாறுபடும். பிரின்ஸ்டன் 1990 முதல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்தி வைத்திருந்து, 2018-ல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு இடம் கிடைத்தது 13 பேருக்கு. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. இந்த இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் வைத்துக் காத்திருந்தால் மனக்கணக்கு தப்பும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், அதாவது யூசி, தனி ரகம். விண்ணப்பம் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும். ஜனவரியில் ஃபால் மதிப்பெண்களையும் அடுத்த செமஸ்டரான ஸ்பிரிங் பாடங்களையும் புதுப்பித்துத் தர வேண்டும். முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும். சேர்வதாகச் சொல்ல ஜூன் 1 கடைசி நாள். ஆகவே மே நடுவில் யூசி வளாகம் ஒன்றிலிருந்து பதிலே இல்லை என்றால் அந்த வளாகத்தின் போர்ட்டலுக்குள், அதாவது விண்ணப்பதாரரின் இணையப் பக்கத்துக்குள், போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முடிவு அங்கே கிடக்கும். மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்திருக்கும். காத்திருப்போர் பட்டியலில் இடம் கொடுத்து, அதை ஏற்கும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கவும் கூடும். தெற்கு கலிஃபோர்னியாவின் தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சி போன்ற இடங்களில் மே இறுதி வழக்கமான தேதி. சிலரிடம் மட்டும் ஸ்பிரிங் மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிவிட்டு அதன் பின் முடிவு சொல்வார்கள். அப்படிக் கேட்டால் அது நல்ல அறிகுறியும் இல்லை, கெட்ட அறிகுறியும் இல்லை. கோப்பு இன்னும் மேசை மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

போர்ட்டல் ஜோசியம் பார்ப்பதை விட்டுவிடலாம். மாணவர் எண் வந்திருக்கிறது, நிதியுதவிப் பக்கம் திறக்கிறது, விடுதி இணைப்பு தெரிகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடிப்பதெல்லாம் பெரும்பாலும் கணினி தானாகச் செய்யும் வேலை. விண்ணப்பித்த எல்லோருக்கும் மாணவர் எண் தரும் கல்லூரிகள் உண்டு. போர்ட்டலில் படிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வந்து சேர்ந்த ஆவணங்களின் பட்டியல்.

அந்தப் பட்டியலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தாமதமாகும் விண்ணப்பங்களில் கணிசமானவை முழுமையடையாமல் கிடப்பவை. யூசி விண்ணப்பத்தில் மதிப்பெண்களை மாணவரே பதிந்தால் போதும், டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி அனுப்பும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) பிறகுதான். காமன் ஆப் என்ற பொது இணைய விண்ணப்பம் வழியாகப் போகும் தனியார் கல்லூரிகளில் அப்படி இல்லை. வழக்கமாகக் காணாமல் போகும் காகிதங்கள் நான்கு.

முதலாவது, மிட்-டெர்ம் ரிப்போர்ட். நடப்பு செமஸ்டரின் ஒவ்வொரு பாடத்திலும் இதுவரை எடுத்த மதிப்பெண்ணை அந்தந்தப் பேராசிரியரிடம் எழுதி வாங்கி ஏற்றும் படிவம். நானூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியரைப் பிடிப்பதே பாடு. “இன்னும் கிரேடு போடவில்லை” என்று ஒருவர் சொன்னால் படிவம் முழுவதும் நின்றுவிடும். நிறுத்த வேண்டியதில்லை. கிரேடு இல்லை என்று அவரையே எழுதிக் கையெழுத்திடச் சொல்லி அனுப்பலாம்.

இரண்டாவது, காலேஜ் ரிப்போர்ட். மாணவர் ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சிக்காமல் நல்ல நிலையில் இருக்கிறார் என்று இப்போதைய கல்லூரி சான்று சொல்வது. இதை யார் நிரப்புவது என்பதில் பல கல்லூரிகளுக்கே தெளிவு கிடையாது. அட்வைசர் ரெஜிஸ்ட்ராரிடம் அனுப்புவார், ரெஜிஸ்ட்ரார் டீன் அலுவலகத்துக்கு அனுப்புவார், அங்கே அது தூங்கும். டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்பது பல இடங்களில் குறுக்குவழி.

மூன்றாவது, உயர்நிலைப் பள்ளியின் இறுதி டிரான்ஸ்கிரிப்ட். பள்ளி ஏற்கெனவே அனுப்பியது பாதி வருடத்தோடு நிற்கும் பிரதியாக இருக்கும். பள்ளிப்படிப்பை முடித்த தேதி அதில் இருக்காது. தேதி இல்லாவிட்டால் பட்டியலில் ‘வரவில்லை’ என்றே நிற்கும்.

நான்காவது, மறந்துபோன கல்லூரி. பள்ளிக் காலத்தில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரியில்) எடுத்த ஒரே ஒரு பாடம், கோடையில் எடுத்த ஓர் ஆன்லைன் வகுப்பு, வேறு நாட்டில் படித்த ஒரு செமஸ்டர் என எதுவாக இருந்தாலும் அங்கிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டும். இப்போதைய கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் ஏற்றப்பட்டிருக்கிறதே என்பது செல்லாது. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபிக்கும் இதே விதிதான்: அதை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண் புதிய கல்லூரிக்கு நேராகப் போக வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு, அது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பள்ளியில் இனிஷியலாகக் கொடுத்திருப்பார்கள். ஏபி கணக்கில் முதற்பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கும். மூன்றும் மூன்று ஆட்களாக கல்லூரியின் கணினியில் உட்கார்ந்திருக்கும். அனுப்பியதற்கான ரசீது உங்களிடம் இருக்கிறது, போர்ட்டலோ வரவில்லை என்கிறது, ஏழெட்டு வேலை நாளும் தாண்டிவிட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விண்ணப்ப எண், பிறந்த தேதி, ஆவணம் எந்தப் பெயரில் போனது, எந்தத் தேதியில் போனது என்ற நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் இணைத்துவிடுவார்கள். எழுதுவது மாணவராக இருக்கட்டும். பெற்றோர் தொலைபேசியில் கூப்பிட்டால் தகவல் தர மாட்டார்கள். கோப்பில் அது அழகாகவும் இராது.

அடுத்து, ஸ்பிரிங் மதிப்பெண். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் கடைசியாக வரும் செமஸ்டருக்கு எடை அதிகம், காரணம் கல்லூரிப் பாடத்தில் மாணவர் எப்படிப் படிக்கிறார் என்பதற்கு அதைவிடப் புதிய சான்று வேறில்லை. இரண்டிடத்தில் இடம் கிடைத்துவிட்டதே என்று கடைசித் தேர்வுகளைத் தளர விடுபவர்கள் உண்டு. கிடைத்த அனுமதியும் நிபந்தனையோடுதான் வந்திருக்கும்: பதிவு செய்த பாடங்களை முடிக்க வேண்டும், குறிப்பிட்ட ஜிபிஏவுக்கு (சராசரி மதிப்பெண்ணுக்கு) கீழே போகக் கூடாது, பெரும்பாலும் எதிலும் டி, எஃப் வாங்கக் கூடாது. இவற்றில் ஒன்று மீறினாலும் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, எடுத்தும் இருக்கிறார்கள். மேஜருக்கு முன்தேவையான பாடம் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலை வந்தால் கைவிடுவதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். முன்கூட்டிச் சொன்னவருக்கு வேறு வழி காட்டுவார்கள். ஜூலையில் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துக் கண்டுபிடித்தால் இரக்கம் காட்ட மாட்டார்கள்.

பதில் வராத மூன்று இடங்களுக்கும் ஸ்பிரிங் மதிப்பெண் வெளியானதும் ஒரே ஒரு அப்டேட் அனுப்பலாம். மதிப்பெண்கள், புதிதாக ஏதாவது பரிசோ ஆராய்ச்சி வேலையோ இருந்தால் ஒரு வரி, போதும். அப்டேட் ஏற்பதில்லை என்று அறிவித்திருக்கும் இடத்துக்கு அதுவும் வேண்டாம். வாரம் ஒரு கடிதம் எழுதுவது எங்கேயும் உதவாது.

இனி ஃபால் பதிவு. இதில் தயங்கவே வேண்டாம். வேறிடத்துக்கு விண்ணப்பித்திருப்பது இப்போதைய கல்லூரிக்கு எந்த விதத்திலும் துரோகம் இல்லை; காலேஜ் ரிப்போர்ட் கேட்டபோதே அவர்களுக்குத் தெரியும். பதிவு நாளில் நல்ல பாடங்களைப் பிடித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கும் முதல் நாளுக்கு முன் ரத்து செய்தால் பெரும்பாலான கல்லூரிகளில் டியூஷன் முழுவதும் திரும்பும் அல்லது கட்டவே வேண்டியிராது. தொடங்கிய பின் வாரத்துக்கு வாரம் திரும்பும் தொகை குறையும். விடுதிக்கு மட்டும் வேறு கணக்கு. விடுதி ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒரு தேதி இருக்கும், அதைத் தாண்டினால் அபராதம் உண்டு. அந்தத் தேதியை இன்றே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு எப்போது வந்தாலும் இந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பதில்தான் பணம் போகும். வெளியில் அபார்ட்மென்ட் எடுப்பதானால் குத்தகையில் இப்போது கையெழுத்திட வேண்டாம். அதை இடையில் உடைப்பது விடுதியைவிடக் கஷ்டம்.

ஏற்கெனவே இடம் கிடைத்த இரண்டில் இப்போது செய்ய வேண்டிய பெரிய வேலை கிரெடிட் கணக்கு. அனுமதிக் கடிதத்தில் ‘ஜூனியர்’ (மூன்றாம் ஆண்டு மாணவர்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பாடவாரியான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல, ஒவ்வொரு பாடமும் எதற்கு ஈடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை. வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று சேர்த்திருந்தால் எண்ணிக்கையில் வரும், மேஜருக்கு உதவாது. சி-க்குக் கீழே எடுத்தவற்றைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. சி மைனஸும் பல இடங்களில் அந்தக் கணக்கில்தான். செமஸ்டரைவிடக் குறுகிய குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரிக்குப் போனால் 1 செமஸ்டர் யூனிட் 1.5 குவார்ட்டர் யூனிட்டாக மாறும். எண் பெரிதாகத் தெரிந்து ஏமாறக் கூடாது. பழைய ஜிபிஏ பெரும்பாலும் கூடவே வராது, புதிய இடத்தில் அது முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட். மகளிடம் 60 இருக்கிறது. மேஜருக்கும் பொதுப் பாடத்துக்கும் பொருந்துவது 42 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 78. செமஸ்டருக்கு 15 எடுத்தாலும் ஐந்து செமஸ்டருக்கு மேல் வருகிறது, அதாவது ஆறு. நாலு செமஸ்டர் என்று நினைத்துப் போன இடத்தில் ஒரு முழு ஆண்டுக் கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் கூடுதல். கோடை வகுப்பு எடுத்தால் கொஞ்சம் சரிக்கட்டலாம். இதைவிட மோசமானது சங்கிலிப் பாடம் அறுவது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அல்லது இரண்டாம் இயற்பியல் பாடத்தை ஏற்கவில்லை என்றால் அதன் மேல் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் எதையும் எடுக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் பாடமாக இருந்துவிட்டால் வருடமே நழுவும்.

ஏற்கவில்லை என்ற முதல் பதிலோடு விட்டுவிடவும் வேண்டாம். அந்தப் பாடத்தின் முழு சிலபஸை, வாரவாரிப் பாடத்திட்டம், பாடப்புத்தகத்தின் பெயர், லேப் மணிநேரம் எல்லாவற்றோடும், துறைக்கு அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். பல மறுப்புகள் பாட எண் பொருந்தாததால் வந்தவைதான். சிலபஸைப் பார்த்தால் மாற்றிவிடுவார்கள். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கோ, அந்த மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகக் குழுமமான கால் ஸ்டேட்டுக்கோ போகிறவர்கள் அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தில் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று முன்கூட்டியே பார்க்கலாம். டெக்சாஸில் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கும் தனியார் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் இந்த வசதி கிடையாது, அவர்களுக்குத்தான் சிலபஸ் உயிர்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் புதிய கல்லூரிகளைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இப்போது அதில் 20 கல்லூரி வரை போடலாம், எதையும் நீக்க வேண்டியதில்லை. பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு நிதியுதவிப் படிவத்தையும் கேட்கும். முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் டிரான்ஸ்ஃபருக்கு அப்படியே கிடைக்காது. பல இடங்களில் அதற்குத் தனிப் பட்டியல், சின்னப் பட்டியல். நிதியுதவிக் கடிதமோ கிரெடிட் மதிப்பீடோ வருமுன் டெபாசிட் தேதி வந்துவிட்டால், காரணத்தைச் சொல்லி ஒன்றிரண்டு வாரம் நீட்டிக்கக் கேளுங்கள். கேட்பதனால் அனுமதி பறிபோகாது. நீட்டிக்க மறுத்தால், இருப்பதில் நல்லதற்கு டெபாசிட் கட்டிவிட்டு மற்றதற்குக் காத்திருக்கலாம். பிறகு வேறிடம் போனால் அந்தத் தொகை பொதுவாகத் திரும்பாது. இரண்டிடத்தில் கட்டி வைப்பது முறையல்ல.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், ஃபாஃப்சா தவிர. அதற்கு மேல், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் பதிவு மாற்றம் இருக்கிறது. சேர்வது உறுதியான பிறகு இப்போதைய கல்லூரியின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் பதிவைக் கவனிக்கும் அதிகாரியிடம்) அனுமதிக் கடிதத்தைக் காட்டி ஒரு ரிலீஸ் தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதி வரை மனம் மாறினால் ரத்து செய்யலாம். தேதி கடந்ததும் பதிவு புதிய கல்லூரியின் கைக்குப் போய்விடும், பழைய டிஎஸ்ஓவால் இழுக்க முடியாது. ஆகவே பதில் வராத கல்லூரி ஒன்று மனதில் இருந்தால் அவசரப்பட்டு மே மாத இறுதியையே ரிலீஸ் தேதியாகக் குறிக்காதீர்கள். அதற்காக ஆகஸ்ட் வரை இழுக்கவும் கூடாது, புதிய ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றுப் படிவம்) அதன்பிறகுதான் கையில் வரும். பழைய வளாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் ரிலீஸ் தேதியோடு அந்த வேலை நிற்க வேண்டும். பழைய இடத்திலிருந்து பதிவு மாறிய நாளிலிருந்து, அல்லது ஐ-20-ல் படிப்பு முடியும் தேதியிலிருந்து, எது முந்தியதோ அதிலிருந்து 5 மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். தொடங்கியபின் 15 நாளுக்குள் புதிய டிஎஸ்ஓவிடம் பதிவு செய்ய வேண்டும். அதே செவிஸ் எண் தொடர்ந்தால் செவிஸ் கட்டணம் மறுபடி கிடையாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு, அது முடியும் 21 வயது நெருங்குகிறதென்றால், டிரான்ஸ்ஃபரையும் விசா மாற்றத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். புதிய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் டெபாசிட் கட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

மூன்றில் ஏதாவது ஒன்று காத்திருப்போர் பட்டியலில் போட்டால், ஏற்கிறேன் என்று பதில் கொடுத்துவிட்டு வேறிடத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன் என்று சொல்ல முடிந்தால் ஒரு பக்கக் கடிதத்தில் அதை வெளிப்படையாக எழுதலாம். மறுத்துவிட்டால் அப்பீல் என்று ஒன்று சில இடங்களில் உண்டு. டிரான்ஸ்கிரிப்டில் பிழை, மாறிப்போன கிரேடு போன்ற புதிய தகவல் இருந்தால் மட்டும் அதில் நேரம் செலவிடுங்கள். விண்ணப்பத்தில் சொன்னதையே இன்னும் உருக்கமாகச் சொல்வதற்குப் பலன் இல்லை. அடுத்த ஆண்டு மீண்டும் போடலாம் என்ற எண்ணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: பல கல்லூரிகள் பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியையாவது தங்களிடமே எடுக்கச் சொல்கின்றன. மூன்றாம் ஆண்டும் இங்கேயே முடித்துவிட்டுப் போனால் அந்த ஆண்டின் பாடங்களில் பெரும்பகுதி வீணாகும். இரண்டாம் ஆண்டு முடித்தவருக்கு நடைமுறையில் இது கடைசி நல்ல வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எங்காவது சேர்வது என்று முடிவானபின் நான்கு சின்ன வேலைகள். புதிய கல்லூரியின் ஓரியண்டேஷனில் இருப்பதிலேயே முந்தைய தேதியை எடுங்கள். பல இடங்களில் அதற்குப் பிறகுதான் பாடப் பதிவு திறக்கும், ஏற்கெனவே படிப்பவர்கள் நல்ல வகுப்புகளை நிரப்பி முடித்திருப்பார்கள். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது ‘கிரேடு வந்தபின் அனுப்பவும்’ என்ற தெரிவைக் குறியுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மதிப்பெண் இல்லாத பிரதி அன்றே போய்ச் சேரும், யூசியின் ஜூலை 1 கெடு அதனால் தவறும். நூலக அபராதமோ பார்க்கிங் பாக்கியோ இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள், சிறு பாக்கிக்கும் டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும் கல்லூரிகள் உண்டு. பழைய கல்லூரியின் மின்னஞ்சலும் வகுப்புத் தளமும் விலகியபின் மூடப்பட்டுவிடும், அதற்கு முன் எடுத்த எல்லாப் பாடங்களின் சிலபஸையும் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.